மங்கும் கருந்திட்டுகளும்: காரணம் அறிந்து செய்யும் சிகிச்சை

தோலின் ஓரிடம் மட்டும் சுற்றியுள்ள பகுதியைவிடக் கருத்துத் தெரிவதைக் கருந்திட்டு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம் என்றாலும், அது தனியொரு நோயின் பெயரன்று. வெயில், கர்ப்பம், முகப்பரு, ஒவ்வாத சாயம், உட்கொண்ட மாத்திரை, உடற்பருமன், சத்துக் குறைவு என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் தோலில் ஏறத்தாழ ஒரே வகை அடையாளத்தை விட்டுச் செல்கின்றன. எனவே திட்டின்மேல் எதைப் பூசுவது என்பதற்கு முன், அது எதனால் வந்தது என்பது தீர்மானிக்கப்பட வேண்டும். நடைமுறையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது: முதலில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பு, அடுத்து உறவினர் சொன்ன களிம்பு, பிறகு அழகு நிலையத்தில் ப்ளீச்சிங் என மாதங்கள் கழிந்து, கடைசியில் தோல் மருத்துவரிடம் செல்லும்போது பழைய திட்டின்மேல் இவை உண்டாக்கிய கேடும் சேர்ந்திருப்பதால், மூல காரணத்தைக் கண்டறிவதே கடினமாகிவிடுகிறது. முகத்தில் தோன்றும் கருந்திட்டுகளில் மிகப் பரவலானதும், சிகிச்சையில் மிக அதிகமாகப் பிழை நேர்வதும் மங்கு என்பதால், இவ்வியல் அதை விரிவாகவும், ஏனையவற்றை அதிலிருந்து பிரித்தறியத் தேவையான அளவிலும் எடுத்துரைக்கிறது.

நிறமி எங்கே தேங்குகிறது

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறமி. மேல்தோலின் அடிவரிசையில் ஆங்காங்கே அமைந்துள்ள நிறமிச் செல்கள் அதை உருவாக்கி, நீண்ட கிளைக்கரங்களின் வழியாக, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு நுண்பொதிகளாக வழங்குகின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலம், செம்பின் துணையோடு இயங்கும் டைரோசினேஸ் என்ற நொதியால் படிப்படியாக மெலனினாக மாறுகிறது; நிறத்தைக் குறைக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை குறிவைப்பது இந்த ஒரு படியைத்தான். தோல் செல்லுக்குள் வந்து சேரும் நிறமி, செல்லின் உட்கருவுக்கு மேலே கவிந்து நின்று, புற ஊதாக் கதிர் மரபணுப் பொருளைச் சிதைக்காமல் காக்கிறது. கருமை என்பது தோலின் தற்காப்பு என்பதை மனத்தில் கொண்டால், உரசலும் எரிச்சலும் தீவிர சிகிச்சையும்கூட ஏன் கருமையைக் கூட்டுகின்றன என்பது எளிதில் விளங்கும்.

நிறமிச் செல்களின் எண்ணிக்கை வெள்ளைத் தோலிலும் கருத்த தோலிலும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமிப் பொதிகளின் பருமனும், அப்பொதிகள் சிதையாமல் தங்கும் காலமும்தான் வேறுபடுகின்றன. 1975இல் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலுக்குத் தோல் காட்டும் எதிர்வினையை வைத்து உருவாக்கிய பகுப்பு, பின்னர் ஆறு வகைகளாக விரிந்தது. தமிழர்களில் பெரும்பாலோர் அதன் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர். இவ்வகைத் தோலுக்கு வெயிலால் வரும் புற்றுநோய் குறைவு என்பது பெரிய பேறு. அதே தோல், ஒரு பருவையோ கொசுக்கடியையோகூடக் கருந்தடமாக மாற்றி மாதக்கணக்கில் வைத்திருக்கும் இயல்பும் உடையது.

நிறமி தேங்கியிருக்கும் ஆழமே சிகிச்சையின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மேல்தோலில் மட்டும் மிகுந்திருந்தால் திட்டு பழுப்பு நிறத்தில் தெரியும். மேல்தோல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதால், புதிய நிறமி உருவாவதைத் தடுத்துவிட்டால் பழையது தானே கழியும். அழற்சியினால் நிறமி கீழே கசிந்து உள்தோலில் இறங்கி, அங்குள்ள விழுங்கு செல்களுக்குள் சிக்கிக்கொண்டால், திட்டு சாம்பலோ நீலமோ கலந்த கருமையாகத் தெரியும். அங்கே உதிர்தல் இல்லை என்பதால் அது மறைய பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். இவ்விரண்டையும் பிரித்தறிய, அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் 1903இல் உருவாக்கிய புற ஊதா விளக்கு இன்றும் பயன்படுகிறது. அதன் ஒளியில் மேல்தோல் திட்டு மேலும் எடுப்பாகத் தெரியும், உள்தோல் திட்டு அவ்வாறு தெரியாது. மிகக் கருத்த தோலில் இந்த வேறுபாடு தெளிவாகப் புலப்படாததால், தோலை உருப்பெருக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் என்ற கருவியையும் மருத்துவர்கள் துணைக்கொள்கின்றனர். ஆழம் குறைந்த திட்டுக்கும் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் தேவை என்ற கணக்கு இந்த உதிர்வுச் சுழற்சியிலிருந்தே வருகிறது. ஏழே நாளில் மங்கு மறையும் என்று விற்கப்படும் களிம்பில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும் என்று ஐயுறுவதே பாதுகாப்பு.

மங்கு

மங்கு பெரும்பாலும் இரு கன்னங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் படர்ந்து, நெற்றி, மூக்குத் தண்டு, மேலுதடு ஆகிய இடங்களிலும், சிலருக்குத் தாடை ஓரத்திலும் தோன்றுகிறது. விளிம்பு ஒழுங்கற்றும் தெளிவாகவும் இருக்கும். அரிப்பு, எரிச்சல், செதில் எதுவும் இராது. இந்தக் கடைசி அடையாளம் மிக முக்கியமானது, ஏனெனில் அரிக்கும் கருந்திட்டு எதுவாயினும் அங்கே ஒவ்வாமையோ வேறு அழற்சியோ தேடப்பட வேண்டும். நோயுற்றோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். வெயிலில் வேலை செய்யும் ஆண்களுக்கும் வருவதுண்டு.

மரபு, ஹார்மோன், ஒளி ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் மங்கு உருவாகிறது. தாய்க்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்த குடும்பங்களில் இது மிகுதி. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவை உயரும்போது நிறமிச் செல்கள் தூண்டப்படுகின்றன. வயிற்றின் நடுவே கருங்கோடு விழுவதும் இதே காரணத்தால்தான். பேறுகாலத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்கு மங்கு வெளிறுகிறது, சிலருக்கு அப்படியே தங்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரைகளும் இதே விளைவைத் தரவல்லவை. மாத்திரை தொடங்கிய பின் திட்டு தோன்றியிருந்தால், வேறு கருத்தடை முறைக்கு மாறுவது குறித்து மகப்பேறு மருத்துவரிடம் கலந்துகொள்ள வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை, புற ஊதாக் கதிர்கள் மட்டுமே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியும், அதிலும் நீல ஊதாப் பகுதியும், கருத்த தோலில் ஆழ்ந்த, நீடித்த கருமையை உண்டாக்குகிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில் தெளிவாகியிருக்கிறது. நிறமற்ற சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைத் தடுப்பதில்லை என்பதால்தான், அதை ஒழுங்காகப் பூசியும் மங்கு குறையவில்லை என்ற குறை அடிக்கடி எழுகிறது. இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயை கொண்ட சன்ஸ்கிரீனே இங்கு ஏற்றது. புற ஊதா ஏ கதிர் சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், பேருந்திலோ அலுவலகத்திலோ கண்ணாடியோரம் நாள்தோறும் அமர்பவர் வெயிலில் செல்வதில்லை என்று எண்ணிக் காப்பைத் தவிர்ப்பது சரியன்று. அடுப்பு வெப்பமும் மங்கைத் தூண்டலாம் என்று கருதப்படுவதால், நெடுநேரம் அடுப்பருகே நிற்பவர்கள் காற்றோட்டத்துக்கு வழிசெய்துகொள்வது நல்லது.

மங்கு படர்ந்த தோலை நுண்ணோக்கியில் ஆராயும்போது, நிறமி மிகுந்திருப்பதோடு, இரத்த நுண்குழல்கள் பெருகியிருப்பதும், மேல்தோலையும் உள்தோலையும் பிரிக்கும் அடித்தளப் படலம் சிதைந்திருப்பதும், நீண்டகால வெயிலின் தாக்கம் உள்தோலில் படிந்திருப்பதும் காணப்படுகின்றன. வெளுத்த பின்னும் ஒரு கோடைக்காலத்தில் மங்கு மீண்டும் எழுவதற்கு இதுவே காரணம். இரத்த அழுத்தத்தைப் போல, கட்டுக்குள் கொண்டுவந்து கட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டிய நிலை இது என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவர் விளக்கிவிட்டால், நோயாளி மருத்துவர் மாற்றி மருத்துவர் அலைவது குறையும்.

வெயில் காப்பு

வெயில் காப்பு இல்லாமல் வேறெந்த மருந்தும் மங்கில் நிலைத்த பயன் தருவதில்லை. சன்ஸ்கிரீன் உறையில் காணப்படும் எஸ்பிஎஃப் எண், தோலைச் சிவக்கச் செய்யும் புற ஊதா பி கதிரிலிருந்து கிடைக்கும் காப்பை மட்டும் சுட்டுகிறது. பிஏ என்ற எழுத்துகளை அடுத்து வரும் கூட்டல் குறிகள், கருமைக்கு மேலும் காரணமான புற ஊதா ஏ கதிருக்கான காப்பைக் காட்டுகின்றன. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமலும், பிஏ மூன்று கூட்டல் குறிகளுக்குக் குறையாமலும் இருப்பது நல்லது.

பெரும்பாலோர் பிழை செய்வது பூசும் அளவில்தான். ஆய்வகத்தில் எஸ்பிஎஃப் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசுகிறார்கள். அந்த அளவை வீட்டில் எட்ட வேண்டுமானால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடாகப் பிதுக்கி எடுத்து, அதை முகம், கழுத்து, காது ஓரம் எங்கும் பரப்ப வேண்டும். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும் தேய்த்தால், உறையில் எஸ்பிஎஃப் 50 என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அதில் சிறு பங்கு காப்பே கிடைக்கும். வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்பு பூசி, வியர்வையில் கரையும் என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் கெட்டியான களிம்பு பிசுபிசுத்துப் பருவை உண்டாக்குமானால், ஜெல் வடிவத்துக்கு மாறலாம். குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, முகத்தைச் சுற்றிக் கட்டிய துப்பட்டா ஆகியவை செலவில்லாத, நம்பத்தக்க துணைகள். இருசக்கர வாகனம் ஓட்டும்போது ஹெல்மெட்டின் நிறமற்ற முகமூடியை நம்பிக் காப்பைக் கைவிடலாகாது.

பூசும் மருந்துகளும் உண்ணும் மருந்தும்

மங்கு சிகிச்சையின் அடித்தளம் 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்ட கூட்டு மருந்து. டைரோசினேஸ் நொதியை மட்டுப்படுத்தும் ஹைட்ரோகுவினோன், தோல் உதிர்வை விரைவுபடுத்தும் டிரெட்டினாயின், இவ்விரண்டும் தரும் எரிச்சலை அடக்கும் ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் அவர் ஒன்றாகக் கலந்தார். இன்று கிடைக்கும் கூட்டுக் களிம்பில் அவர் சேர்த்த ஸ்டீராய்டுக்கு மாற்றாக வேறொன்று சேர்க்கப்பட்டு, மற்றவற்றின் அளவும் குறைக்கப்பட்டுள்ளது. இதை மருத்துவர் சொன்ன காலம் வரை, வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள், இரவில் மட்டும், முகம் கழுவி ஈரம் நன்கு உலர்ந்த பின், திட்டின்மேல் மெல்லிய படலமாகப் பூச வேண்டும்; பிறகு நாள் இடைவெளி விட்டுப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகளும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

ஹைட்ரோகுவினோன் நல்ல மருந்தாயினும் காலவரையின்றிப் பூசத் தக்கதன்று. ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்கு, மருந்து போட்ட இடமே நீலங்கலந்து கருத்து, நுண்ணிய மணிகள் எழும்பிச் சொரசொரப்பாகும் ஓக்ரோனோசிஸ் என்னும் நிலை ஏற்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் வெளுப்புக் களிம்பு பூசிவந்த பெண்களிடம் ஜார்ஜ் ஃபிண்ட்லே என்ற மருத்துவர் இதைக் கண்டறிந்து எழுதியதும் அதே 1975ஆம் ஆண்டில்தான். இக்கருமையை அகற்றுவது மிகக் கடினம். திட்டு மேலும் கருக்கிறதே என்று களிம்பை இன்னும் அழுத்திப் பூசும் பழக்கம் இந்நிலையை முற்றச் செய்கிறது. நன்கு வெளுத்துவந்த திட்டு திரும்பக் கருக்கத் தொடங்கினால் களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும்.

அசெலாயிக் அமிலம் 15 முதல் 20 விழுக்காடு அளவில் மெதுவாக வேலை செய்தாலும், கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தத்தக்கது என்பதாலும், பருவையும் சேர்த்துக் குறைப்பதாலும், பருவும் திட்டும் ஒருங்கே உள்ள இளம்பெண்களுக்கு மிகவும் பொருந்துகிறது. கோஜிக் அமிலம், நியாசினமைடு, வைட்டமின் சி ஆகியவை இன்னும் மென்மையானவை. வீரியமான மருந்தை நிறுத்திய இடைவெளியில் நிறம் திரும்பாமல் காக்க இவை உதவும்.

உண்ணும் மருந்துகளில் குறிப்பிடத்தக்கது டிரானெக்சாமிக் அமிலம். மிகை இரத்தப்போக்கை நிறுத்துவதற்காக ஜப்பானில் உடகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவ அறிவியலாளரும் அவருடைய கணவரும் 1960களில் உருவாக்கிய இம்மருந்து, மங்கையும் வெளிறச் செய்வது 1979இல் அந்நாட்டிலேயே முதன்முதலில் பதிவானது. பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தத் தரும் அளவைவிட மிகக் குறைவாக, 250 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை சில மாதங்கள் தரப்படுகிறது. இரத்தம் உறைவதற்குத் துணைபோகும் மருந்து என்பதால், காலில் இரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு ஆகியவை வந்தவர்களும், கர்ப்பிணிகளும், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களும் இதை எடுத்துக்கொள்ளலாகாது. மங்கு வரும் பெண்களில் கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களும் இருப்பார்கள் என்பதால், கூச்சத்தாலோ பொருட்படுத்தத் தேவையில்லை என்ற எண்ணத்தாலோ அதை மருத்துவரிடம் மறைப்பது ஆபத்தில் முடியலாம்.

அமிலங்களால் மேல்தோலை உரித்தெடுக்கும் பீலிங், லேசர் ஆகியவை மருந்துக்குக் கட்டுப்படாத திட்டுக்கு இரண்டாம் கட்டத்தில் வருபவை. நம் தோலில் இவற்றின் வீரியம் சற்றே மிகுந்தாலும் சூட்டுக்காயத்தின் விளைவாகப் புதுக் கருமை படர்கிறது. லேசரை அடிக்கடி செலுத்தியவர்களுக்கு வெண்புள்ளிகள் விழுவதும், நிறுத்திய சில மாதங்களில் மங்கு முன்னிலும் கருத்துத் திரும்புவதும் உண்டு. இதே லேசர், நெற்றியின் ஒரு பக்கத்திலும் கண்ணைச் சுற்றியும், சில வேளைகளில் கண்ணின் வெண்பகுதியிலும் நீலச் சாம்பலாகப் படரும் ஓட்டா மறு என்னும் பிறவித் திட்டில் மிகச் சிறந்த பலன் தருகிறது. ஒருபக்கம் மட்டும் உள்ள அந்த மறுவை மங்கு என்று கருதி ஆண்டுக்கணக்கில் களிம்பு பூசுவதும், மங்கை மறுவென்று கருதி லேசருக்கு விரைவதும் ஒருங்கே தவறாகின்றன.

புண்ணும் உரசலும் சாயமும் விடும் தடம்

பரு, கரப்பான், கொசுக்கடி, எண்ணெய் தெறித்த புண் என எந்த அழற்சியும் ஆறிய இடத்தில் கருமையை விடலாம். இங்கே சிகிச்சையின் முதற்பணி அழற்சியை நிறுத்துவது. பரு புதிதாக வந்துகொண்டிருக்கும்போது பழைய தடத்துக்கு மட்டும் மருந்திடுவதில் பயனில்லை, பருவைக் கிள்ளுவதோ நிறமியை ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. தொற்று நோய்களும் தடம் விடுவதுண்டு: 2006இல் தமிழகம் உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் தணிந்த பின் மூக்கின்மேல் கருமை படர்ந்தது பலரிடம் காணப்பட்டது, சில மாதங்களில் அது பெரும்பாலும் தானே மறைந்தது.

நைலான் நாரால் முதுகையும் கைகளையும் நாள்தோறும் அழுத்தித் தேய்க்கும் வழக்கமும் கவனத்துக்குரியது. ஆண்டுகள் செல்லச் செல்ல முதுகின் மேற்பகுதி, மேற்கை, முன்னங்கால் ஆகிய இடங்களில் அலையலையான கருங்கோடுகள் விழுகின்றன. அவற்றை அழுக்கென்று எண்ணி மேலும் தேய்க்கத் தேய்க்க அவை முற்றுகின்றன. நாரை ஒதுக்கிவிட்டுக் கையால் சோப்புத் தேய்ப்பதும், குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் போன்ற ஈரப்பதக் காப்பைப் பூசுவதுமே இங்கு முதல் மருந்து.

ஒவ்வாமையால் வரும் கருமை சில வேளைகளில் சிவப்போ கொப்புளமோ காட்டாமல் நேரே கருத்தே வெளிப்படும். முதல் உலகப் போர்க்காலத்தில், 1917இல், வியன்னாவில் குஸ்டாவ் ரீல் விவரித்த முகக்கருமை இவ்வகையைச் சேர்ந்தது. செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் வைக்கும் இடத்தில் நெற்றியும், பாரா பினைலின் டையமின் என்ற வேதிப்பொருள் கலந்த தலைச்சாயம் பூசுபவர்களுக்கு முடியோரமும் பொட்டுப் பகுதியும் கழுத்தும், நறுமணத் தைலம் தெளிக்கும் இடத்தில் கழுத்தின் பக்கமும் கருப்பது இதற்கான தடயங்கள். ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறு ஒட்டுகளாக முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனையால் காரணத்தை உறுதிசெய்யலாம். காரணப் பொருளை விலக்காமல் எந்தக் களிம்பும் பயன் தராது. பொட்டிலும் கழுத்திலும் அக்குளிலும் சாம்பற்கருமையாகப் படரும் மற்றொரு நோய், நிறமிப் படை நோய் என்று சொல்லத்தக்க லைக்கன் பிளானஸ் பிக்மென்டோசஸ். இந்திய மருத்துவர் பூட்டானியும் அவருடைய குழுவினரும் 1974இல் இதைத் தனி நோயாக வரையறுத்தனர். நிறமி ஆழத்தில் இருப்பதால் இதற்குப் பொறுமையான நெடுஞ்சிகிச்சை தேவைப்படுகிறது.

உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ காசளவில் வட்டமாக ஒரு திட்டு தோன்றி, ஆறிக் கருத்து, பின் ஒருநாள் அதே இடத்தில் மீண்டும் எரிந்து சிவக்குமானால், அது மாத்திரை ஒவ்வாமை என்றே முதலில் ஐயுற வேண்டும். வலி நிவாரணிகள், சல்பா மருந்துகள், வயிற்றுப்போக்குக்கு உட்கொள்ளும் சில நுண்ணுயிர்க்கொல்லிகள், அரிதாகப் பாராசிட்டமால்கூட இதற்குக் காரணமாகின்றன. திட்டு எரியத் தொடங்கியதற்கு முந்தைய ஒரு நாளில் உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளை எடுத்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், காரணத்தைக் கண்டறிவது மிக எளிதாகும்.

உள்நோயின் அறிகுறியாக வரும் கருமை

பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து, தொட்டால் வெல்வெட் துணியின் மென்மையோடு, கோடு கோடாகக் கருத்துத் தெரிவது, இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காத நிலையின் வெளியடையாளம். பருத்த உடல் கொண்ட சிறுவர் சிறுமியரிடம் இது இன்று மிகுதியாகக் காணப்படுகிறது. கழுத்தைச் சரியாகக் கழுவுவதில்லை என்று பிள்ளைகளைக் கடிந்துகொண்டு பீர்க்கங்கூடால் தேய்த்துவிடும் பெற்றோர் பலர். அக்குழந்தைக்குத் தேவைப்படுவது இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும், எடைக் குறைப்புக்கான உணவும் விளையாட்டும். இளம்பெண்ணாயின் மாதவிடாய் ஒழுங்கின்மையும் சினைப்பை நீர்க்கட்டியும் சேர்த்துக் கவனிக்கப்பட வேண்டும். எடை குறையக் குறையக் கருமையும் குறைகிறது. பருமன் இல்லாத நடுத்தர வயதினருக்கு இதே கருமை திடீரென்று தோன்றி, உள்ளங்கையிலும் வாயிலும் பரவி, உடலும் மெலியுமானால், வயிற்றுப் புற்றுநோய் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

விரல் மூட்டுகளின் மேற்புறமும், உள்ளங்கை உள்ளங்கால்களும் கருப்பது வைட்டமின் பி12 குறைவின் அறிகுறியாகலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கர் முதலானோர் இதை 1963இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விவரித்தனர். பி12 செலுத்தியதும் கருமை படிப்படியாக நீங்கியதை அவர்கள் கண்டனர். இறைச்சியும் முட்டையும் உண்ணாமல், பாலும் குறைவாகவே அருந்துவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஈறுகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் புதிதாகக் கருமை படர்ந்து, அதனோடு களைப்பும் எடைக்குறைவும் தலைச்சுற்றலும் சேர்ந்தால், அட்ரீனல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோய் உள்ளதா என்று ஆராய்வது அவசியம். நம் நாட்டில் அதற்குக் காசநோயும் ஒரு காரணம்.

களிம்புகள் செய்யும் கேடு

ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் பூசியதும் முதல் சில வாரங்களில் நிறம் வெளுத்து, பரு அடங்கி, முகம் பளபளக்கும். இந்தக் குறுகிய காலப் பொலிவே பலரை அதற்கு அடிமையாக்குகிறது. மாதங்கள் செல்லத் தோல் மெலிந்து, சிவந்த நுண்குழல்கள் வலைபோல் வெளித்தெரிந்து, பரு கொத்தாக வெடித்து, மயிர் அடர்ந்து, வெயிலில் நின்றால் முகம் எரியத் தொடங்குகிறது. நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பலமடங்காகிறது என்பதால் நோயாளி மீண்டும் அதையே நாடுகிறார். இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், முகத் தோல் கோளாறுகளுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பைப் பூசிவந்தவர்கள் என்று தெரியவந்தது. 2018இல் மத்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது; ஆயினும் அவை கேட்டவுடன் கிடைக்கும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. களிம்பின் உறையில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவரின் கண்காணிப்பின்றி அது முகத்தில் படலாகாது. ஏற்கெனவே பூசிவருபவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவர் உதவியோடு படிப்படியாக விடுபட வேண்டும்.

பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்பின் கேடு தோலோடு நிற்பதில்லை. பாதரசம் டைரோசினேஸ் நொதியின் செம்பை இடம்பெயர்த்து நிறத்தைக் குறைக்கிறது; அதே வேளையில் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் மெம்பிரேனஸ் என்ற சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அரிய வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். தயாரிப்பாளர் முகவரியோ உட்பொருள் பட்டியலோ இல்லாத களிம்பு, தங்க வெள்ளி நகைகளில் படாமல் பூசுமாறு எச்சரிக்கும் களிம்பு, பட்டியலில் கலோமல் என்றோ மெர்க்குரி என்றோ தொடங்கும் பெயர் கொண்ட களிம்பு ஆகியவற்றை வாங்கவே கூடாது. பூசிவருபவரின் முகமோ காலோ வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும், களிம்போடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் சந்தனம், கற்றாழைச் சோறு போன்றவை பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. எலுமிச்சைச் சாற்றைப் பூசி வெயிலில் செல்வது மட்டும் உறுதியாகத் தவிர்க்கப்பட வேண்டும், ஏனெனில் அச்சாற்றிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கருக்கிக் கொப்புளமாக்கும். மங்குக்கு ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துப் போடும் வழக்கம் பரவலாக உண்டு. அது எரிச்சல் தருமானால் அன்றே நிறுத்திவிட வேண்டும், எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணம் கருந்திட்டைப் பொறுத்தவரை நேர்மாறான விளைவையே தரும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கருந்திட்டுகளில் மிகப் பெரும்பான்மை உயிருக்கு ஊறு செய்யாதவை. சில மட்டும் உடனே காட்டப்பட வேண்டியவை. நம்மவரிடம் அரிதாகத் தோன்றும் மெலனோமா என்ற நிறமிப் புற்றுநோய், வெயில் படும் முகத்தைவிட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே மிகுதியாகத் தொடங்குகிறது. உள்ளங்காலில் புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளி, ஒரே நகத்தில் விழுந்து அகலமாகிக்கொண்டே வந்து நகக்கண்ணின் தோலிலும் பரவும் கருங்கோடு, வடிவமும் நிறமும் மாறிக்கொண்டிருக்கும் மச்சம், இரத்தம் கசியும் கரும்புண் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், களிம்பு பூசிப் பார்ப்பதற்கோ மச்சத்தைச் சுட்டு எடுப்பதற்கோ இடம் தராமல், தோல் மருத்துவரிடம் காட்டித் திசுப் பரிசோதனை தேவையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கருமையின்றி வெளிறிய திட்டாகத் தோன்றி, அங்கே தொடுவுணர்ச்சியும் குன்றியிருக்குமானால், அது தொழுநோயாக இருக்கக்கூடும். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.